இடுப்பிற் கட்டிய பட்டி

இடுப்புப் பட்டியைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் வியத்தல் கூடும். சால்வையைப் பற்றி எழுதலாம். தலைப்பாகையைப் பற்றி எழுதலாம். குடையைப் பற்றி எழுதாதவர் இல்லை. இடுப்புப் பட்டியோ காற்சட்டையின் வளையங்களுக்குள்ளே பாதியும், சட்டையின் மடிப்புக்குள்ளே மீதியுமாக மறைந்து, தன்னை எவரும் நினையாதவாறு கிடக்கும் பொருள். நாமும் நாற்பத்து மூன்று வயதுவரை அதனை நினைத்ததில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறிய பின்னரே நினைக்க நேர்ந்தது. நினைக்கத் தொடங்கிய ஓராண்டினுள் மூன்று பட்டிகளைக் கண்டோம். முதலாவது எம்மை வைத்தியரிடம் அனுப்பியது. இரண்டாவது எம் மகளை வீதியிலே வீழ்த்தியது. மூன்றாவது இதனை எழுதும்போதும் எம் இடுப்பில் இருக்கின்றது.

நாம் வசிப்பது கம்பளைக்கு அணித்தாக, கற்பிப்பது கண்டியில். கெலிஓயா, பேராதனை வழியாக ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். பல்லாண்டுகளாகப் பஸ் வண்டியிலேயே போய்வந்தோம். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவனுக்கு இடுப்புப் பட்டியால் யாதொரு துன்பமும் இல்லை. அவனுடைய துன்பங்கள் வேறு. 2022 ஆம் ஆண்டில் எரிபொருளின்றி நாடு தவித்தபோது பஸ் வண்டிகள் அருகின. வந்த சிலவற்றின் படிகளில் மனிதர் கொத்துக் கொத்தாகத் தொங்கினர். அவ்வாண்டின் நடுப்பகுதியிற் கியூ.ஆர். முறை வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல் என்று பங்கிட்டார்கள். எம் மனைவியார் ஒரு பழைய கொப்பியின் கடைசித் தாளிற் கணக்குப் போட்டார். போகவர நாளொன்றுக்கு நாற்பது கிலோமீற்றர்; வாரத்தில் ஐந்து நாள்; லீற்றருக்கு ஐம்பது கிலோமீற்றர் ஓடும் வண்டியாயின் நான்கு லீற்றர் சரியாகப் போதும். கணக்குச் சரியாக வந்துவிட்டமையால் அவருடைய சங்கிலி அடைவுக்குப் போயிற்று. 2020 முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலமாதலாற் பழைய வண்டியொன்று புதியதன் விலைக்கு வாய்த்தது.

கண்டியிலே படிக்கும் எம் மகளுக்குப் பின்னிருக்கை உரித்தாயிற்று. அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு. இரு கைகளாலும் எம் வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, முதுகிலே கன்னத்தை வைத்தபடி, காலைப் பனியிற் பாதித் தூக்கத்துடனேயே கண்டி வந்து சேர்வாள்.

எமது முதற் பட்டி, திருமணத்தின்போது மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்தது. இரண்டங்குல அகலம், கையகலப் பித்தளை பக்கிள், அதன்மேற் சிறகு விரித்த கழுகு. பட்டியும் கழுகும் உறுதியானவை. உறுதியற்றது எமது மனமே. திருமண நாளில் எந்தத் துளையிற் பூட்டினோமோ அதே துளையிலேயே பதினான்கு ஆண்டுகளும் பூட்டிவந்தோம். இடைக்காலத்தில் இடுப்பு வளர்ந்ததை ஒப்புக்கொள்ளும் துணிவு எமக்கு இருக்கவில்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பூட்டிவிட்டு, அதே துளைதான் என்று கண்ணாடியின் முன்னே மகிழ்வோம்.

நிற்கும் மனிதனுக்கு அளவான பட்டி, இருக்கும் மனிதனுக்கு அளவானதன்று. இருந்தவுடன் வயிறு முன்னே தள்ளும். இடையின் சுற்றளவு கூடும். கதிரையில் இருப்பவன் சாய்ந்து தப்பிக்கொள்வான். மோட்டார் சைக்கிளில் இருப்பவனோ முழங்கால்களை மடித்து, கைகளை நீட்டி, உடலை முன்னே சரித்து இருக்கின்றான். ஆகவே பக்கிளின் மேல்விளிம்பு வயிற்றிற் குத்தும்; கீழ்விளிம்பு தொடையின் அடியில் அமுங்கும். வீதியின் குழி ஒவ்வொன்றும் இவ்விரண்டையும் நினைவூட்டும். பெற்றோல் தாங்கியின் பின்புறத்திலே கழுகின் சிறகு இரண்டு கோடுகளைக் கீறியிருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது கண்டோம். வண்டிக்கு இட்ட அடையாளத்தைக் கண்டோமேயன்றி, எமக்கு இட்டதைக் கண்டோமில்லை.

சில மாதங்களில் வலத்தொடையின் வெளிப்புறத்திலே, உள்ளங்கை பரப்பிய அளவிலே, மரத்துப் போகத் தொடங்கியது. தொட்டால் துணியின்மேல் தொடுவது போலிருக்கும். மாலையில் அவ்விடமே தணல் பட்டாற்போல் எரியும். இதிலே சிரிப்பதற்கு எமக்கு ஒன்றும் இருக்கவில்லை. எம் தந்தையார் நீரிழிவினால் ஒரு காலை இழந்தவர். அவருக்கும் தொடங்கியது மரமரப்பிலேதான் என்று தாயார் பலமுறை கூறக் கேட்டிருக்கின்றோம். மூன்று கிழமைகள் எவரிடமும் சொல்லவில்லை. இரவில் விளக்கை அணைத்த பின்னர், போர்வைக்குள்ளே விரலாற் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்போம். அடைவு வைத்த சங்கிலி, மகளின் படிப்பு, கண்டிக்கு ஓடவேண்டிய நாற்பது கிலோமீற்றர் எல்லாம் அந்த உள்ளங்கை அகலத்தில் வந்து குவிந்தன.

கடைசியில் மனைவியாரே கண்டுபிடித்தார். வெந்நீர்ப் பாத்திரம் தொடையிற் பட்டதை நாம் உணராமல் நின்றோமாம். மறுநாளே வைத்தியரிடம் போனோம். இரத்தத்திற் சீனி பார்த்தார். எல்லைக்கு உள்ளேதான் இருந்தது. முழங்காலிற் சிறு சுத்தியலாற் தட்டிப் பார்த்தார். காலைத் தூக்கச் சொல்லி அமத்திப் பார்த்தார். பின்னர், “மாஸ்டர், பெல்ற்றைக் கழற்றுங்கோ” என்றார். இடுப்பெலும்பின் முன்முனையிற் சிவந்த தழும்பொன்று பள்ளமாகக் கிடந்தது. அவ்விடத்தை விரலால் மெல்லத் தட்டினார். மின்னல்போல் ஒரு சுள்ளிடல் தொடை முழுவதும் ஓடிற்று.

தொடையின் வெளிப்புறத் தோலுக்கு உணர்ச்சியைக் கொடுக்கும் நரம்பொன்று இடுப்பெலும்பின் அம்முனைக்கு அருகிலே, ஒரு தசைநாரின் கீழ் நுழைந்து இறங்குகின்றதாம். இறுகிய பட்டியோ, பருத்த வயிறோ, நெடுநேரம் மடிந்த இடுப்போ அதனை நெரித்தால் மரமரப்பும் எரிவும் உண்டாகும். எம்மிடம் இம்மூன்றும் ஒருங்கே இருந்தன. அந்நரம்பு உணர்ச்சிக்கு மட்டுமே உரியது. காலை அசைக்கும் வலுவுக்கு அதனோடு தொடர்பில்லை. ஆகவே பிறேக்கை மிதிக்கும் கால் கைவிடாது என்று வைத்தியர் சொன்னபோதுதான் எமக்கு மூச்சு வந்தது. நோயின் பெயர் மெரால்ஜியா பரஸ்தெற்றிக்கா. 1895 ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் பேர்ண்ஹார்ட் என்பவரும் ருசியாவில் றோத் என்பவரும் இதனை விவரித்து எழுதினர். றோத் இதனைக் கண்டது, பட்டியை இறுகக் கட்டிய குதிரைவீரர்களிடத்தில். உளவியலறிஞர் பிராய்டும் தமக்கே இந்நோய் இருந்ததைக் கவனித்து அதே ஆண்டில் எழுதியிருக்கின்றார். குதிரைவீரருக்கும் பிராய்டுக்கும் வந்த நோய் எமக்கும் வந்தது என்று ஆசிரியர் ஓய்வறையிற் சிறிது பெருமையுடனேயே சொல்லித் திரிந்தோம். பட்டியைத் தளர்த்தி, சில மாதங்கள் சென்றபின் மரமரப்பு நீங்கியது. அதுவரை அந்தத் தொடையைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் நீங்கவில்லை.

இடையைச் சுற்றிக் கட்டுவதில் நம் முன்னோர் எம்மினும் அறிவுடையோர் என்று அக்காலத்தில் அடிக்கடி நினைத்தோம். ஐயப்பனின் திருவுருவில் மடித்த முழங்கால்களைச் சுற்றி ஒரு பட்டி இருக்கின்றதே, அதற்கு யோகபட்டம் என்று பெயர். நெடுநேரம் இருப்பவன் உடலின் பாரத்தை அதன்மேல் விட்டு இளைப்பாறுவதற்கானது அது, நெரிப்பதற்கானதன்று. சோழர்காலச் செப்புத் திருமேனிகளில் வயிற்றைச் சுற்றிக் காணப்படும் உதரபந்தமோ இடுப்பெலும்பைத் தொடுவதே இல்லை. அதற்கு மேலே நிற்கின்றது. கண்டிப் பெரஹராவில் நிலமேமார் பல முழத் துணியைச் சுற்றி, அதன்மேல் அகன்ற பொன்வேலைப் பட்டியைக் கட்டி நடந்து வருவதைத் தலதா வீதியோரத்தில் நின்று எத்தனையோ ஆண்டுகள் பார்த்திருக்கின்றோம். அவர்களும் நடக்கின்றார்களேயன்றி மோட்டார் சைக்கிளில் வருவதில்லை.

இனி, இரண்டாவது பட்டி. முதற் பட்டியில் அடிபட்டவன் மென்மையை நாடுவது இயல்பு. கண்டியில் ஒரு கடையிலே, மெத்தென்று, கறுப்பாக, மினுங்கலாக, மிகச் சிறிய பக்கிளுடன் ஒன்று தொங்கிற்று. ‘உண்மைத் தோல்’ என்று பொன்னெழுத்திற் பொறித்திருந்தது. விலையும் மலிவு. எலும்பை அழுத்தவில்லை, வயிற்றிற் குத்தவில்லை. இதனைப் போன்ற பட்டி வேறில்லை என்று ஐந்து மாதங்கள் வாழ்ந்தோம்.

அந்த ஐந்து மாதங்களுள் வேறொன்றும் நிகழ்ந்திருந்தது. மகளுக்குப் பதின்மூன்று வயது நிரம்பியது. ஒருநாள் தொடக்கம் அவள் எம்மைக் கட்டிப் பிடிப்பதை நிறுத்திவிட்டாள். கூட்டாளிகள் பார்ப்பார்களாம். கட்டிப் பிடித்த கைகளுக்குப் பதிலாக, முதுகுப்புறத்திற் பட்டிக்குள்ளே நான்கு விரல்களைச் செருகிக்கொண்டு நிமிர்ந்து இருக்கத் தொடங்கினாள். நாம் ஒன்றும் கேட்கவில்லை. பெண்பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இது விளங்கும்.

ஒரு மாலை கெலிஓயாவைக் கடந்து வந்துகொண்டிருந்தோம். முன்னே போன முச்சக்கரவண்டி திடீரென நின்றது. நாமும் நிறுத்தி, அது விலகியதும் மீண்டும் எடுத்தோம். சற்றே வேகமாக எடுத்துவிட்டோம் போலும். புத்தகப் பையின் பாரத்துடன் மகள் பின்னே சாய்ந்தாள். பட்டியை இறுகப் பற்றினாள். முதலாந் துளையில் அது பிய்ந்தது. பிய்ந்த நுனி வளையங்களூடே சரசரவென்று ஓடி அவள் கையோடு போயிற்று. எம் இடுப்பிலே அந்தச் சரசரப்பு ஓடியதும், பின்னிருக்கையின் பாரம் இல்லாமற் போனதும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன.

திரும்பிப் பார்த்தபோது வீதியோரத்தில் இருந்தாள். பின்னே வந்த பஸ் வண்டி நல்ல தூரத்தில் நின்றிருந்தது. முழங்காலிலும் உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்ததே தவிர வேறொன்றுமில்லை. பை முதுகைக் காத்தது. தலைக்கவசம் தலையிலேயே இருந்தது. தேநீர்க்கடை அம்மையார் ஒருவர் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார். மகள் கையிற் பட்டியைப் பிடித்தபடியே, “அப்பா, உங்கட பெல்ற்” என்று நீட்டினாள். பின்பு சிரித்தாள். எமக்குக் கால்கள் நடுங்கின. தந்தையாரை நினைத்து நடுங்கிய அதே கால்கள். காற்சட்டையை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு அவளை மறுகையாற் தூக்கினோம். வீட்டில் இச்சம்பவத்தைக் கேட்டு எவரும் சிரிக்கவில்லை.

பிய்ந்த பட்டியை எடுத்துக்கொண்டு, கண்டிச் சந்தைப் பக்கத்திலே குடை விரித்துச் சப்பாத்துத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் போனோம். தைத்துத் தரமுடியுமா என்று கேட்பதே நோக்கம். அவர் அதை வாங்கி, பிய்ந்த விளிம்பைச் சிறிய கத்தியால் சுரண்டி எம்மிடம் காட்டினார். மேலே கறுப்புப் படலம்; அடியிலே மரத்தூளை ஒட்டி வைத்தாற்போன்ற ஒன்று.

“சேர், இது தோல் இல்லைங்க. தூள்” என்றார்.

தோல் வெட்டும் இடங்களில் மிஞ்சும் துண்டுகளை அரைத்து, பசை கலந்து தகடாக அழுத்தி, மேலே மினுக்கம் பூசி விடுகின்றார்களாம். தோலிலிருந்து வந்தது என்பதனால் பொறித்த எழுத்தும் முழுப் பொய்யன்று. முழுத்தோலில் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இழுவையைத் தாங்கும். தூளில் அந்தப் பின்னல் அறுந்து போயிருப்பதால் துளையிலிருந்தே கிழியத் தொடங்கும். வாங்கும்போது எப்படி அறிவது என்று கேட்டோம். மேற்பரப்பைப் பார்க்கவேண்டாம், வெட்டுவிளிம்பைப் பார்க்கவேண்டும் என்றார். விளிம்பில் நார் தெரியவேண்டும். அடுக்கடுக்காகத் தாள்போல் தெரிந்தால் விட்டுவிடவேண்டும். மடித்தாற் சிறு சுருக்கங்கள் தோன்றி மறையவேண்டும். ஒரே கோடாக மடிந்து நின்றால் அதுவும் தூளே. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கரும்பலகைக்கு முன் நிற்கும் எமக்கு, இத்தனை சுருக்கமாக ஒரு பாடத்தைச் சொல்லி முடிக்கத் தெரியாது.

ஒன்று புதிதாகவே செய்து தரும்படி கேட்டோம். அவர் அளவு நாடாவை எடுத்தார். நாம் வழக்கம்போல் நிமிர்ந்து, மூச்சை இழுத்துக்கொண்டு நின்றோம்.

“உக்காருங்க சேர். பைக்ல உக்கார்ற மாதிரி.”

அவருடைய மரப்பெட்டியின்மேல் இருந்தோம். முன்னே குனிந்து, இல்லாத கைபிடியைப் பிடிக்கச் சொன்னார். சந்தைக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்களுள் எமது வகுப்பு மாணவர் இருவரும் இருந்தனர். “முப்பத்தெட்டரை” என்று பெரியவர் உரக்கச் சொன்னார். நாம் முப்பத்து நான்கு என்று இத்தனை காலமும் சாதித்து வந்தோம். தையற்காரர் எவரும், கடைக்காரர் எவரும் எம்மை இருத்தி அளந்ததில்லை. இருந்தபடி அளந்தவர் அவர் ஒருவரே.

இரண்டு நாளிற் பட்டி ஆயிற்று. ஒற்றைப் படைத் தோல். அகலம் ஒன்றேகால் அங்குலம். அகலம் மிகுந்தால் வயிற்று மடிப்பிற் புரண்டு விளிம்பாற் குத்தும். மிகக் குறைந்தாற் கயிறுபோல் அறுக்கும். பக்கிள் தட்டையானது, மூலைகள் வட்டமாக அராவப்பட்டவை, தோல் வந்து உராயும் பக்கத்தில் சிறிய உருளை. வழக்கமாக ஓரங்குலத்துக்கு ஒரு துளை இடுவார்கள். பெரியவர் அரையங்குலத்துக்கு ஒன்றாக ஒன்பது துளைகள் இட்டிருந்தார். நடுத்துளையிற் பூட்டினால் நிற்கலாம், வண்டியில் ஏறும்போது ஒன்று தளர்த்தலாம், சோறுண்டபின் இன்னொன்று. பக்கிளைத் தொப்புளுக்கு நேரே வைக்காமல், இடுப்பெலும்பிலும் படாமல், இரண்டுக்கும் நடுவே ஒதுக்கிப் பூட்டச் சொன்னார். திறப்புக் கோவையையும் கைத்தொலைபேசி உறையையும் பட்டியிற் தொங்கவிடாதீர்கள், விழுந்தால் அதுதான் முதலில் எலும்பிலே குத்தும் என்றும் சொன்னார். மகள் விழுந்ததை அப்போதுதான் அவரிடம் கூறினோம். ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“பெல்ட்டு காற்சட்டையைப் பிடிக்கத்தான் சேர். புள்ளயைப் பிடிக்க இல்லை. இடுப்பைக் கட்டிக்கச் சொல்லுங்க. இல்லாட்டி பின்னால கம்பி இருக்கில்ல, அதைப் பிடிக்கச் சொல்லுங்க.”

மலைநாட்டு மழையிலே தோலைக் காப்பது தனி வேலை. நனைந்ததைத் துணியால் ஒற்றி, நிழலிற் தொங்கவிடவேண்டும். வெயிலிலோ அடுப்பங்கரையிலோ காயவைத்தால் விறைத்து வெடிக்கும். ஈரத்தோடு சுருட்டி அலுமாரியில் வைத்தால் ஒரு கிழமையிற் பச்சைப் பூஞ்சணம் பூக்கும். எமது பட்டியிலும் ஒருமுறை பூத்தது.

இன்னொரு பட்டியையும் சொல்லாமல் விடலாகாது. 2023 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் ஏ-9 வீதி வழியாக யாழ்ப்பாணம் வரை, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், மருமகன் ஒருவனுடன் ஆளுக்கொரு வண்டியிற் போனோம். புறப்படும்போது அவன் ஒரு சாண் அகலமுள்ள இழுபடும் பட்டியொன்றை எம் சட்டைக்கு மேலே சுற்றி ஒட்டினான். சிறுநீரகப் பட்டியாம். பின்சக்கரத்துக்கு அதிர்ச்சி தாங்கி இல்லாத பழைய மோட்டார் சைக்கிள் காலத்திலிருந்து வரும் வழக்கம். சிறுநீரகங்களை விலாவெலும்புகள் நன்றாகவே காக்கின்றன. பட்டியின் உண்மையான பயன், குளிர்காற்றைத் தடுப்பதும் கீழ்முதுகுக்குத் துணைநிற்பதுமே. விழுந்தால் முதுகெலும்பைக் காக்கும் கவசமன்று அது. மாத்தளை வரையுள்ள குளிரில் அவனை வாழ்த்தினோம். தம்புள்ளைக்கு அப்பால் வெயில் ஏறியதும் வியர்வை உள்ளே தேங்கி அரிக்கத் தொடங்கியது. வவுனியாவில் கழற்றிப் பையில் வைத்தோம். ஆனையிறவைக் கடக்கும்போது எம்மிடம் இருந்தது பெரியவரின் ஒன்றேகால் அங்குலம் மட்டுமே. தொடை மரக்கவில்லை. ஒவ்வொரு மணித்தியாலமும் இறங்கி நடந்ததும் அதற்கொரு காரணம்.

மகள் இப்போது உயர்தரம் படிக்கின்றாள். பெரியவர் சொன்னபடி பின்னாலுள்ள கம்பியையே பிடிக்கவேண்டும் என்று வீட்டிற் சட்டம். அவளும் பிடிக்கின்றாள். ஆயினும் மழை நாள்களில், பேராதனைப் பாலத்தைக் கடந்து வீதி வழுக்கத் தொடங்கும்போது, முதுகுப்புறத்திலே இரண்டு விரல்கள் மெல்லப் பட்டிக்குள்ளே நுழைவது எமக்குத் தெரியும். பாலத்துக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றோம். அவ்விடம் வந்ததும் ஒரு துளை தளர்த்தியிருக்கின்றோமா என்று கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வதும் உண்டு. இறுகியிருந்தால் அவள் விரல் நுழைய இடமிராது.